ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பிராது

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

விருத்தாசலத்துக்காரர்கள் மனதில் ஆறாத குறை ஒன்று இருந்தால் மணவாளநல்லூருக்குப் போவோம். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வருவோம். களவு போன நகை, திரும்பாத கடன், தீராத நோய் எல்லாம் அங்கே தாளில் ஏறும். நானும் இரண்டு முறை கட்டியிருக்கிறேன். இப்போது நான் எழுத வந்திருக்கும் குறைக்கு மருந்து ஒரு ஐஸ் பெட்டியில் அடங்கக்கூடியது. அந்தப் பெட்டியை எங்கள் பட்டறைக்கு அனுப்பச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் இந்தப் பிராது உங்களுக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கலாம். ஊர்க்காரர்களும் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருப்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் பீங்கான் பட்டறை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறவள். நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணை நம்பி இந்த ஊரில் வேரூன்றிய தொழில் இது. பியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை, டீ கப் என்று பட்டறைக்கு ஒரு சரக்கு. சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு உருப்படியும் பினிஷிங் பெண்களின் கைக்கு வரும். அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தடித்து நிற்கும். அதைக் கத்தியால் சீவி, பஞ்சை நனைத்துத் துடைத்து மழுக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் தொல்லை இல்லை. அவசரத்தில் காய்ந்ததைச் சீவினால் மாவு மாதிரி பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசியைத் தும்மித் தள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அது சேரச் சேர நுரையீரலில் தழும்பு விழும். சிலிகோசிஸ் என்று பெயர். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் அதையும் வைத்திருக்கிறது. வந்துவிட்டால் திரும்பப் போகாது. காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடும்.

இப்படிப்பட்ட நெஞ்சுக்குள் ஃப்ளூ காய்ச்சல் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் போன ஐப்பசியில் கிட்டே இருந்து பார்த்தேன். கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். மழைச் சாரலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தோம். மின்விசிறியும் போடுவதில்லை, ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் பச்சை மண் விரிசல் விட்டுவிடும். எங்களோடு இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்த ஒரு அக்கா காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். "போய்ப் படுக்கா" என்றேன். "படுத்தா கூலி யாருடி குடுப்பா?" என்றார். நான்கே நாளில் அதே பலகையில் உட்கார்ந்த ஏழு பேருக்குக் காய்ச்சல். ஆறு பேர் கஞ்சி குடித்து, கஷாயம் குடித்து எழுந்துவிட்டார்கள். அக்காவுக்கு நிமோனியாவாக முற்றிப்போய் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பினிஷிங் கத்தியை அவர் தொட்டு வருடம் ஆகப்போகிறது.

அவரைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஒரு டாக்டர் சொன்னார், வருடத்துக்கு ஒரு முறை போடும் ஃப்ளூ ஊசியைப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வராமல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்ட கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்: "அப்படி ஒரு ஊசி இருக்குன்னு எங்களுக்கு யாரு சார் சொன்னா?"

சொல்லியிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் விசாரித்தால் ஊசி விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. நாள் கூலிக்காரப் பெண்ணுக்கு அது பல நாள் அடுப்பு. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பதெல்லாம் இலவசம். ஃப்ளூ ஊசி அதில் இல்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்த சின்னப் பட்டறைகளை ஈ.எஸ்.ஐ. கட்டாயமாகச் சேர்த்ததும் இல்லை. விழிப்புணர்வுப் பேனர் கட்டிவிட்டு ஊசியைக் கண்ணில் காட்டாமல் இருப்பது, பசித்தவனுக்குச் சாப்பாட்டின் அருமையை எடுத்துச் சொல்வதுபோல. இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

ஃப்ளூவைச் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் மூச்சுத் தொல்லை வந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது பக்கத்துப் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தமிழ்நாட்டில் மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். இந்த வைரஸ் வருடத்துக்கு வருடம் சட்டை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அடுத்து எந்தெந்த வகைகளுக்கு மருந்து தயாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாமல் போவதும் அதனால்தான். போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு ஊற இரண்டு வாரமாவது ஆகும். நம் பக்கத்தில் இந்தக் காய்ச்சல் தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழையோடு. அப்படியானால் புரட்டாசி முடிவதற்குள் ஊசி கையில் ஏறியிருக்க வேண்டும். கொலு பொம்மை விற்று, விளக்கு வேலை சூடுபிடிக்கும் அதே புரட்டாசி.

தடுப்பூசி என்றால் நம் மக்கள் பயந்து ஓடுவார்கள் என்று சில அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. காய்ச்சல் வந்துவிட்டால் ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ளாத ஊர் இது. பயம் எப்போது வருகிறது என்றால், கேள்விக்குப் பதில் வராதபோது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளுக்கு வந்தபோது வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்தியைக் கேட்டுப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி இறந்துவிட்டார். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு பிறகு சொன்னது. ஆனால் அதற்குள் எங்கள் பட்டறையில் ஒருத்தர்கூட ஊசிப் பேச்சை எடுக்க விடவில்லை.

அந்தப் பயத்தை உடைத்தது எந்தப் பேனரும் அல்ல, ஒரு நர்சம்மா. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். களிமண் மூட்டை மேல் உட்கார்ந்தார். யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர், முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது, கை தூக்க முடியல, அப்புறம் சரியாப் போச்சு" என்று தன் கதையையே மறைக்காமல் சொன்னார். முதலாளி அரை மணி நேரக் காத்திருப்பைக் கூலியில் பிடிக்கவில்லை. அன்று எங்களில் முக்கால்வாசிப் பேர் போட்டுக்கொண்டோம். 2021 செப்டம்பர் 12 முதல் மெகா முகாம்கள் நடத்தி லட்சக்கணக்கானவர்களிடம் ஊசியைக் கொண்டு சேர்த்த மாநிலம் இது. வழி தெரியாதவர்களிடம் நான் கேட்கவில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் தாய்மாரின் இழப்புக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசியும் முழுமையாகப் போட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். இறங்கியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், தூரமும் பஸ் காசும் போகும் ஒரு நாள் கூலியும் அவற்றில் சேரும் என்றே நான் நம்புகிறேன். 2019-21இல் அது 89.2 ஆக ஏறியது. ஊசி ஆளைத் தேடிப் போக வேண்டும், பாதுகாப்போடு போக வேண்டும் என்ற இரண்டையும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஊருக்குத் தடுப்பூசி அந்நியமும் அல்ல. தொண்ணூறுகளில் நான் சிறுமி. பொழுது சாயும் நேரத்தில் டார்ச் லைட்டும் கண்ணாடிக் குழாயுமாகச் சிலர் மாட்டுக் கொட்டகைக்கு வருவார்கள். மாட்டின் மேல் உட்கார்ந்த கொசுவைக் குழாயில் உறிஞ்சிப் பிடிப்பார்கள். கொசுவைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் களநிலையம் விருத்தாசலத்தில் இருந்தது என்பதும், நெல் வயலில் பெருகும் அந்தக் கொசுவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியைத் தேடினார்கள் என்பதும் வளர்ந்த பிறகே தெரிந்தது. பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் கொசு வழியாகக் குழந்தைக்கு வரும் நோய் அது; உயிர் தப்பினாலும் பல பிள்ளைகளுக்குப் பேச்சும் நடையும் பழையபடி திரும்பாது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று என்று அதற்கு ஊசி போடுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

உங்கள் பதவியில் இருந்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1810இல் சென்னைக் கலெக்டரான எல்லிஸ், திருக்குறளுக்கு உரை எழுதியவர், அம்மைப்பால் குத்திக்கொள்ள மக்கள் அஞ்சியபோது தெய்வத்தின் வாயால் அதன் நன்மையைச் சொல்லும் கதை ஒன்றை எழுதினார். தெய்வத்தின் பெயரால் இன்று யாரும் கதை கட்ட வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொன்னால் எங்களுக்குப் போதும். ஆனால் மக்கள் பேச்சிலேயே மக்களிடம் பேச வேண்டும் என்று அந்தக் கலெக்டருக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்: இந்த ஊசி எல்லாச் சளியையும் தடுக்காது, போட்டவருக்கும் சில சமயம் ஃப்ளூ வரும், ஆனால் ஆக்சிஜன் வரை போகும் ஆபத்து குறையும். கை வலியும் ஒரு நாள் காய்ச்சலும் வரலாம், செத்த கிருமியில் செய்த ஊசியால் ஃப்ளூ வராது.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களிடம் சுகர், பிரஷர் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர்களோடு பினிஷிங், மில், சூளை வேலையில் பத்து வருடம் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், அறுபது கடந்தவர்கள் ஆகியோரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதே முகாமில் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் நடந்தால் காசநோயும் வெளியே வரும். பணத்துக்கு நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்; பட்டறை முதலாளிகளையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஊசி போட்டாயிற்று என்று சொல்லி ஈரப் பஞ்சையும் முகக்கவசத்தையும் தூசி உறிஞ்சும் கருவியையும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. ஊசி கிருமிக்குத்தான், சிலிக்காவுக்கு எந்த ஊசியும் கிடையாது.

நாள் நான் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வாரக் கூலி வாங்க அன்று ஒருத்தர் விடாமல் வந்திருப்பார்கள். கை வலித்தாலும் காய்ச்சல் அடித்தாலும் மறுநாள் ஞாயிறு, படுத்துக்கொள்ளலாம், கூலி போகாது. எங்கள் பட்டறையில் முப்பத்தோரு பேர். வயது, எத்தனை வருட வேலை, என்ன நோய் என்று குறித்த தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் வரியில் அந்த அக்கா. அவர் இப்போது வேலைக்கு வருவதில்லை. அன்றைக்கு நான் அழைத்து வருகிறேன். நர்சம்மா உட்கார நாற்காலி போட்டு, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
விருத்தாசலம் பீங்கான் பட்டறை ஒன்றின் மேற்பார்வையாளர்