மேஸ்திரி வந்தால் ஓட்டம் நிற்க வேண்டுமா?

"வீட்டுல வேலை நடக்குது. அது முடியட்டும், அப்புறம் ஓடலாம்." தங்கவயலில் நாற்பதைத் தாண்டியவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்காத வருடமே இல்லை. சொல்கிறவருக்கு அதில் தயக்கம் கிடையாது. கேட்கிறவரும் நியாயம்தானே என்று தலையாட்டுகிறார். செங்கல் வந்து இறங்கிய அன்றே ஓட்ட ஷூவை மூட்டை கட்டி வைப்பது பொறுப்பான குடும்பத்தலைவரின் லட்சணம் என்றாகிவிட்டது. நான் இதை ஏற்கவில்லை. நடுவயதில் உடம்பை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையோடு கெடுக்கும் நம்பிக்கை வேறு இல்லை.

இந்த நம்பிக்கையின் முதல் தூண், "வேலையே எக்சர்சைஸ்தானே" என்பது. மணல் மூட்டை தூக்குகிறோம், மாடிக்கு ஏறி இறங்குகிறோம், நாள் முழுக்க நிற்கிறோம், இதற்கு மேல் ஓட்டம் எதற்கு என்கிறார்கள். வேறு ஊரில் இதைச் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். நம் ஊரில் சொல்லக் கூடாது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, இங்கே தலைமுறை தலைமுறையாக உடம்பைக் கொடுத்துத்தான் சம்பாதித்தோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். உழைப்பே ஆரோக்கியம் என்றால் அங்கே துளை போட்டவர்களுக்கு இரும்பு நுரையீரல் இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? இந்தியாவில் ஸிலிகோசிஸ் என்னும் பாறைத்தூசு நுரையீரல் நோய் முதன்முதலில் பதிவானதே 1934இல், இந்தக் கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான்.

உழைப்புக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து குளித்துவிட்டு, கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் மைதானம் தேடிப் போனவர்கள் அவர்கள். சுரங்கத்தில் உழைத்தாயிற்றே, இனி எதற்கு விளையாட்டு என்று இருந்திருந்தால் இந்த ஊருக்கு விளையாட்டில் ஒரு பெயரே கிடைத்திருக்காது.

இந்த வேறுபாட்டை மருத்துவ ஆய்வும் சொல்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ பத்தாண்டு கவனித்து, ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்த உடற்பயிற்சி இதய நோய் ஆபத்தைக் குறைத்தது. வேலையில் பட்ட உடல் பாடு அதைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஓட்டத்தில் இதயம் கொஞ்ச நேரம் வேகமாக அடித்துவிட்டுப் பிறகு நன்றாக ஓய்வெடுக்கும். பாரம் தூக்கும் வேலையில் இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே நிற்கும், ஓய்வு போதாது. இந்த முடிவுக்கு அவர்கள் தரும் விளக்கம் இதுதான்.

வீட்டு வேலையில் தூசும் சேர்ந்துகொள்கிறது. டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகை வெறும் மண் அல்ல. அதில் இருப்பது ஸிலிக்கா, அதாவது நம் தாத்தாக்களின் நெஞ்சில் தங்கிய அதே பொருள். கண்ணுக்குத் தெரியும் துகள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலின் அடிவரை போகிறது. இது புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே அறிவித்தது. சமையல் மேடைக்கு இப்போது எல்லோரும் கேட்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் ஸிலிக்கா மிக அதிகம். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயாளிகளானதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. சில வாரம் அந்தத் தூசில் நிற்கும் வீட்டுக்காரருக்கு ஸிலிகோசிஸ் வந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். வருகிற ஆபத்து டைல்ஸ் போடும் மேஸ்திரிக்கு, வருடக்கணக்கில் வீடு வீடாக அதே புகையில் குந்தியிருப்பவருக்கு. மூக்கில் துண்டு கட்டினால் அந்தத் துகள் நிற்காது. கட்டிங் மெஷினை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்லி, அவருக்கு ஒரு என்95 மாஸ்க் வாங்கித் தருவது நம் கடமை. ஆனால் அந்த அறையில் நின்று மேற்பார்வை பார்ப்பதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். அது போக, காலையில் வெளியே போய் நல்ல காற்றில் ஓட வேண்டிய அவசியம் மற்ற நாட்களைவிட இந்த மாதங்களில்தான் அதிகம். 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர் இது. விடியற்காலைக் குளிர்ச்சி நமக்கு இலவசம். பலத்த காற்று வீசும் மாதங்களில் மட்டும் சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளின் பக்கத்தை விட்டு வேறு சாலையில் ஓடுங்கள்.

"நேரம் எங்கே?" என்பது அடுத்த வாதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலை நடக்கும் வீட்டுக்கு அவர்கள் கொடுக்க முடிந்தது சனி ஞாயிறு மட்டுமே. ஆனால் ஓட்டம் நம்மிடம் அவ்வளவு நேரம் கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்ஸன் ஒரு சோதனை செய்தார். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் எனப் பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சியைப் பிறகு குறைத்தார். வாரத்துக்கு இரண்டே நாள் செய்தவர்களுக்கும் 15 வாரம் வரை ஆக்ஸிஜன் பயன்படுத்தும் உச்சத் திறன் குறையவில்லை. இன்னொரு சோதனையில் 40 நிமிடத்தை 13 நிமிடமாக்கியபோதும் அந்தத் திறன் நின்றது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் பலம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. வேகத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் திறனே விழுந்தது. சோதனையில் இருந்தவர்கள் இளைஞர்கள், நமக்குச் சற்றுக் கூடுதலாகவே இறங்கலாம். ஆனாலும் வழி தெளிவாக இருக்கிறது. நாட்களைக் குறையுங்கள், தூரத்தைக் குறையுங்கள், வேகத்தை விடாதீர்கள். 15 வாரம் என்பது ஒரு வீட்டுக்குத் தளம் மாற்றி, டைல்ஸ் போட்டு, பெயிண்ட் அடிக்கும் காலம்.

அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அளவு இருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் நிறுத்தியபோது அதே திறன் மூன்று வாரத்தில் 7 சதவீதமும், பன்னிரண்டு வாரத்தில் 16 சதவீதமும் விழுந்ததை எட்வர்ட் காயில் 1984இல் காட்டினார். "கிரகப்பிரவேசம் முடிந்ததும் பிடித்துவிடலாம்" என்கிறார்கள். பிடிக்கலாம், அதற்கான விலையும் தெரிந்ததுதான். 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வயது கூடியதால் வந்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையின் இழப்பே பெரிதாக இருந்தது. ஐம்பது வயதில் அவர்கள் பழைய திறனை மீட்டார்கள், ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு. நடுவயது உடம்பு திரும்பி வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் வேலையோ கிரகப்பிரவேசத்தோடு முடிவதில்லை. தளம் முடிந்தால் காம்பவுண்டு சுவர், அது முடிந்தால் தண்ணீர்த் தொட்டி.

மூட்டு தேயும் என்ற பயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நீண்டதூர ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் பதினெட்டு ஆண்டு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள், ஓடியவர்களின் மூட்டு கூடுதலாகத் தேயவில்லை. 2021இல் தமிழக மருத்துவத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004இல் சாலை விபத்தில் கால் மூட்டு பலமாக அடிபட்டவர். ஐம்பது தாண்டி ஓடத் தொடங்கி, நூற்றுக்கு மேல் அரை மாரத்தான் முடித்தார். ஏற்கனவே மூட்டு வலி உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

"வீடு இப்படிக் கிடக்கையில் ஓட்டம் கேட்குதா?" என்ற சொல்தான் இத்தனையிலும் கூர்மையானது. ஆண் ஓட்டத்தை விட்டால் அதைத் தியாகம் என்கிறோம். பெண் விட்டதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, வேலையாட்களுக்கு டீ போட்டு, தினம் இரண்டு முறை தூசு துடைக்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண் தன் அரைமணி நேர ஓட்டத்தைக் கேட்டால் சுயநலம் என்கிறது வீடு. அந்த வயதில் மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்குகிறது, எலும்பின் உறுதி இறங்கத் தொடங்குகிறது. எடை தாங்கி ஓடும் ஓட்டம் எலும்புக்கு வேண்டியது அப்போதுதான். வேலை நடக்கும் வீட்டில் முதலில் காக்க வேண்டியது அவளுடைய காலை நேரத்தை. மேஸ்திரி எப்படியும் ஒன்பது மணிக்கு முன் வரப்போவதில்லை. விடிந்ததும் செய்தாக வேண்டியது புதுச் சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் விடுவது ஒன்றுதான். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று கணவனும் மனைவியும் அந்த வாளியை முறைபோட்டுப் பகிர்ந்துகொண்டால், இருவருக்கும் வாரத்தில் மூன்று காலை மிஞ்சும். ஹிக்ஸன் கணக்குக்கு இரண்டே போதும்.