ஸ்டேப்ளருக்கு இருக்கும் இடம்

அந்தப் பிரதேச செயலகத்தில் ஸ்டேப்ளருக்கு ஒரு வீடு இருக்கிறது. மேசையில் மஞ்சள் டேப்பால் சதுரம் போட்டு, உள்ளே பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீடு பஞ்சருக்கு. அலுமாரிகளில் நிறப் புள்ளிகள், ஃபேன் சுவிட்சுகளில் இலக்கங்கள், சுவரில் செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, சிட்சுகே என்று ஐந்து ஜப்பானியச் சொற்கள். ‘5எஸ்’ என்று இலங்கையில் பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, கந்தோர் எல்லாவற்றிலும் ஒட்டப்பட்டிருப்பது இதுதான். பொருளுக்கெல்லாம் இடம் இருக்கு. அலுவலுக்கு வந்த சனத்துக்குத்தான் இல்லை.

நாங்கள் நாலு பேர் போனது, முதலாம் வருடத்துத் தங்கச்சி ஒராளின் மகாபொல விண்ணப்பத்துக்காக. கிராம அலுவலர் தந்த வருமானச் சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். ஒரேயொரு கையெழுத்து. கீழே பதிந்தோம். மேலே போய் விடய உத்தியோகத்தரிடம் காட்டினோம். “கீழ போய் கொம்பியூட்டரில ஏத்திக்கொண்டு வாங்கோ” என்றார். ஏற்றினோம். கையெழுத்துக்கு மறுபடி மேலே. முத்திரை குத்த மறுபடி கீழே. முத்திரை குத்துகிறவருக்கும் முதலில் பதிந்தவருக்கும் இடையில் இருந்தது ஒரு பலகைத் தட்டி மட்டுமே.

வீட்டுக்கு வந்து கந்தோரின் படத்தை ஒரு தாளில் கீறி, போன வழியெல்லாம் குண்டூசி குத்திச் சிவப்பு நூலை ஓட்டிப் பார்த்தோம். இது எங்கட கண்டுபிடிப்பு இல்லை, தொழிற்சாலைகளில் வேலை ஆய்வு செய்கிறவர்களின் பழைய முறை. நூல் பந்தாகச் சிக்கிக் கிடந்தது.

அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். ஒரு செங்கல் வைக்க மேசன் செய்யும் 18 அசைவுகளைப் பிராங்க் ஏறக்குறைய ஐந்தாகக் குறைத்தார். மேசனை விரட்டி அல்ல; கல்லைக் குனிந்து எடுக்கத் தேவையில்லாத உயரத்தில் வைக்கும் சாரத்தைச் செய்து. 1921இல் இருவரும், ஒரு வேலை எங்கே நகர்கிறது, எங்கே காத்து நிற்கிறது என்று படி படியாகக் கீறிக் காட்டும் வரைபடத்தை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். கேள்வி அன்றைக்கே சரியாகக் கேட்கப்பட்டுவிட்டது: நகர்கிறது எது?

தொழிற்சாலையில் நகர்வது பண்டம், அதை நகர்த்த பெல்ட் இருக்கிறது. எங்கட கந்தோர்களில் நகர்வது தாள், பெல்ட் நாங்கள்தான். மேசையிலிருந்து மேசைக்குத் தாளைக் கொண்டுபோகிற வேலையைச் சம்பளமில்லாமல் சனம் செய்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து செய்கிறது. அந்த நேரம் எந்த உற்பத்தித்திறன் அறிக்கையிலும் வராது. போட்டிக்கு மதிப்பிட வருகிறவர்கள் பார்ப்பது மேசையை, வரிசையை அல்ல.

உத்தியோகத்தர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வெக்கையில், முதுகுக்குப் பின்னால் பைல் மலையோடு இருந்து, ஒரே கேள்விக்கு நூறு தரம் பதில் சொல்கிறவர்களும் இதே படத்துக்குள்தான் மாட்டுப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இது தேவையில்லாத வேலை. ஆனால் மேசை எங்கே இருக்கவேண்டும் என்பதைப் பதவிதான் தீர்மானிக்கிறது. பெரியவர் மாடியில், யன்னலோரம், ஏசியோடு. அவருடைய கையெழுத்துக்காக முழங்கால் நோவோடு ஆச்சி படியேற வேண்டும். கணினி வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். வந்ததுதானே? அதில் விவரத்தை அடித்து, அச்செடுத்து, அந்தத் தாளையும் எங்கட கையில் தந்து மேலே அனுப்பினார்கள். மேசை ஒன்று கூடியதுதான் மிச்சம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்யச் சொல்லும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. நாங்கள் போன கந்தோரின் வாசலில் சாய்தளம் இருக்கு, அழகாகப் பெயின்டும் அடிச்சிருக்கு. சக்கர நாற்காலியில் வருகிறவர் அதில் ஏறி உள்ளே வந்து, மாடிப்படியின் அடியில் நிற்கலாம்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. இந்த நாட்டில் இப்போது அதற்குக் காசில்லை என்று தெரியும். பதிகிற மேசை, கணினி, முத்திரை மூன்றையும் ஒரே வரிசையில் போடுங்கள். மேலொப்பத் தாள்களை மணிக்கு ஒரு தரம் கோவையில் போட்டு, உள்ளேயிருந்து ஒராள் மேலே கொண்டுபோய் வரட்டும். சனம் கீழே இருந்துகொள்ளும். இருக்க வாங்கு வேண்டும், உண்மைதான். மேல் விறாந்தையில், செயலாளரின் கதவுக்குப் பக்கத்தில், ஒருத்தரும் இருக்காத இரண்டு நீள வாங்குகள் கிடக்கின்றன. தூக்க ஆளில்லை என்றால் சொல்லுங்கோ, நாங்கள் நாலு பேர் வாறம்.