மூன்றாம் தடவை!

சகோதரிகளே, ஒரு நல்ல சேதி! இரண்டு முறை திரும்பி வந்த என் காதல் நாவலை மூன்றாம் தடவையாக எழுதி முடித்துவிட்டேன். கதாநாயகன் ரொம்ப நல்லவனாக இருந்ததுதான் கோளாறு. இப்போது கொஞ்சம் கோபக்காரனாக்கிவிட்டேன்!

"இந்த வயசிலே காதல் கதையா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். மனசு சுருக்கென்றது. பள்ளிக்கூடமே போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள், முதலில் ஒரு நாடகத்தைத் தோழியிடம் சொல்லித்தான் எழுதவைத்தார். பிறகு 115 நாவல்கள்! 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவளாச்சே!

பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் கதை எழுதி ஒளித்து வைத்திருக்கும் தோழியரே, கூச்சப்படாமல் வாருங்கள். மத்தியானம் பாத்திரம் கழுவியானதும் தினம் ஒரு பக்கம் எழுதினால் போதும். நான் அப்படித்தான் எழுதினேன்.

முதல் அத்தியாயத்தை நாத்தனார் நேற்று வாங்கிப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.