சம்பிரதியின் சாட்சி

பேருந்து நிலையத்துச் சுவரில் ஒரு போஸ்டர். முக்கால்வாசி இடத்தில் கோட் சூட் போட்ட ஊழியர். இயேசுவின் பெயர் கீழே, தேதிக்கும் மைதானத்துக்கும் நடுவில். இதற்குப் பெயர் சுவிசேஷப் பெருவிழாவாம்!

ஆதித் திருச்சபை மாதிரி ஊழியம் என்று முழங்குகிறவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளை முழுசாகப் படித்தால் தேவலை. 8ஆம் அதிகாரத்தில், சமாரியாவில் திரள் கூட்டத்தைப் பார்த்த பிலிப்பு அதை விட்டுவிட்டு வனாந்தர வழியில் ஒரே ஒரு எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தருகே ஓடுகிறார். எடுத்ததும் பிரசங்கம் இல்லை. வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். இங்கேயோ கை தூக்கினால் போதும், கணக்கில் ஒரு ஆத்துமா. மறுநாள் அவர் என்ன ஆனார் என்று கேட்க நாதியில்லை.

அதைவிட முக்கியம் 19ஆம் அதிகாரம். எபேசுவில் கலவரம். வெள்ளிக் கோவில் செய்து விற்ற தெமேத்திரியுவுக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம்தான் காரணம் (காசு விஷயம் என்றால் சும்மாவா!). ஜனங்களை அமர்த்திய பட்டணத்துச் சம்பிரதி கிறிஸ்தவர் இல்லை. அவர்தான் சொல்கிறார்: இவர்கள் கோவிலைக் கொள்ளையிடவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை. கையால் செய்தவை தெய்வங்கள் அல்ல என்று பவுல் சொல்லாமல் இல்லை. சொன்னார், இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்து சொன்னார். ஆனால் கேலி பேசியதாக எதிர்தரப்பே சொல்ல முடியவில்லை.

இப்போது ஒலிபெருக்கியை அம்மன் கோவில் தெருப் பக்கம் திருப்பி வைத்து அடுத்தவர் சாமியை நக்கலடிப்பது, யாராவது சண்டைக்கு வந்தால் "உபத்திரவம்" என்று ஜெபக் குறிப்பு அனுப்புவது. அந்தத் தெருக்காரர் ஒருவரிடமாவது சம்பிரதி கொடுத்த சாட்சியை இவர்கள் வாங்கிக் காட்டட்டுமே, பார்க்கலாம்.