கூடா நட்பு: கூடாத நட்பா, கொள்ளத் தகாத நட்பா?



சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘கூடா நட்பு’ யாதென வினவினால், “வைத்துக்கொள்ளக் கூடாத நட்பு, ஐயா” என்பதே ஆண்டுதோறும் வரும் விடை. பிள்ளைகளை நோகேன். 2011 ஆம் ஆண்டு கலைஞர் கருணாநிதி தம் பிறந்தநாளில் இத்தொடரை எடுத்தாண்டபோது, என் செவிக்கெட்டிய பேச்செல்லாம் அப்பொருளிலேயே இருந்தன.

அது பிழை. விலக்கத்தக்க நட்பைத் ‘தீ நட்பு’ என 82 ஆம் அதிகாரத்திற் கூறி முடித்த வள்ளுவர், அடுத்த அதிகாரத்தையும் அதற்கே ஒதுக்குவரோ?

கூடுதல் என்பது ஒன்றுதல். ‘கூடா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எனவே, உள்ளத்தால் ஒன்றாது புறத்தே ஒன்றியது போல் ஒழுகுவார் நட்பே கூடா நட்பு. பகைவரைக் கூடார் என்றும் நள்ளார் என்றும் வழங்கிய மொழியன்றோ நம்மொழி! நள்ளுதலும் நெருங்குதலே; நள்ளினின்று பிறந்ததே நட்பு. ஆகவே இத்தொடர் தன்னுள்ளேயே முரணுடையது: ஒன்றாத ஒன்றுதல். வள்ளுவர் காட்டும் பட்டடையும் அத்தகையதே. தாங்குவது போலிருந்து, காலம் வாய்த்தபோது வெட்டுக்கு இடங்கொடுக்கும். ‘தகாது’ என்னும் பொருள் பின்னர்க் கிளைத்தது.

இப்பொருளைத் தெளிவுறக் காட்டியவர் பரிமேலழகரே. காஞ்சி உலகளந்த பெருமாள் கோயிலில் வழிபாடாற்றியவர் என வழிவழியாகச் சொல்லப்படுபவர். அவர்தம் வடமொழிச் சார்பை நாம் மறுப்போம், மறுக்கவும் வேண்டும். ஆயினும் அவர் உரைத்தார் என்பதற்காகவே நற்றமிழ்ப் பொருளொன்றைத் தள்ளுதல் நமக்கே இழப்பு. நம்மவர் சிலர்க்கு இது கசக்கலாம்.

அவ்விடத்தில் நாம் ஏற்றுக்கொண்டதோ ‘சகவாசம்’! வடமொழியில் அதற்கு உடனுறைவு என்பதே பொருள். நன்மை தீமை அதில் இல்லை. ‘சிநேகம்’ எண்ணெய்ப் பசை. தீ நட்பு, கூடா நட்பு, சிற்றினம் என மூவேறு நுண்பொருள் காட்டிய மொழியினர், மூன்றையும் ஒரு கடன்சொல்லுள் அடைத்துவிட்டோம்.

இவ்வாண்டு அவ்விடைக்கு அரை மதிப்பெண்ணே இட்டேன். நெசவாளரான தந்தையொருவர் வந்து வழக்கிட்டார். “கோர்வை போடாமல் உடலையும் கரையையும் பக்கத்தில் பக்கத்தில் நெய்தால் என்னாகும்?” என்றேன். “தறியில் ஒன்றாகத்தான் தெரியும், இறக்கினால் பிரிந்துவிடும், ஐயா” என்றவர், சற்றுப் பொறுத்து, மகன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.