சமூக வானொலி: அனுமதி யார் கையில்?

சமூக வானொலி இலங்கைக்குப் புதியதல்ல. 1981 இல் மகாவலி குடியேற்றப் பிரதேசத்தில் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியுடன் அது ஆரம்பமாயிற்று. பின்னர் கொத்மலை வானொலி இணையத்தில் தேடிய தகவல்களைக் கிராமத்தவருக்கு ஒலிபரப்பி உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் இவை யாவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிலையங்களே. மக்கள் அவற்றில் பேசினார்களே தவிர, அவற்றுக்கு உரிமையாளர்களாகவில்லை.

இதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் தனியார் ஒலிபரப்புக்கான அனுமதியை அமைச்சரிடம் ஒப்படைத்தது. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, அந்தச் சபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டதல்ல எனக் கண்ட உயர் நீதிமன்றம், அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

பத்திரிகைக்காரனான எனக்கும் அனுமதிமுறையின் அவசியம் புரிகிறது. காகிதம் எவ்வளவும் வாங்கலாம். அலைவரிசைகளோ எண்ணிக்கையில் அடங்குபவை. ஆகவே யாரேனும் பங்கிட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். அதை ஓர் அரசியல்வாதி செய்யலாமா என்பதே என் கேள்வி.

இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு விதிகள் தொண்டு நிறுவனங்களுக்கும் வானொலி நடத்த வழிவிட்டன. 2008 இல் ஆந்திராவின் (இன்றைய தெலுங்கானா) மச்சனூரில் தலித் பெண்களின் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. சொந்தமாகச் செய்தி தயாரிக்க அங்கும் இடமளிக்கப்படவில்லை, அது பெருங்குறையே. எனினும் விதிகள் எழுத்தில் இருந்தன. மறுக்கப்பட்டவர் எந்த விதியின்படி என்று கேட்கலாம்.

நமது மீனவக் கிராமமொன்று விண்ணப்பித்தால், அதற்கும் அவ்வாறு கேட்கும் உரிமை வேண்டும். சுயாதீனமான ஆணைக்குழுவும் எழுத்திலான நிபந்தனைகளும் இன்றி அது கிட்டாது.