விலை சொல்லும் கருவியை விரட்டிவிடாதீர்கள்



நாங்கள் தமிழில் கதை எழுதுகிறவர்கள், குழந்தைகளுக்குப் படக்கதை செய்கிறவர்கள், அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், கைக்காசைப் போட்டுச் சிற்றிதழ் நடத்துகிறவர்கள். கடந்த சில ஆண்டுகளாக எங்களில் பெரும்பாலோர் ஏஐ கருவிகளை இலவசமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஆண்டுவிழா அழைப்பிதழுக்குப் படம், புத்தக அட்டைக்கு மாதிரி, குறும்படத்துக்குப் பின்னணி இசை என்று எல்லாமே காசில்லாமல் கிடைத்தது. இப்போது அந்தக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலை சொல்லத் தொடங்கியிருக்கின்றன. விலை சொன்னதும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள், நாலு வார்த்தை திட்டுகிறார்கள், அடுத்த இலவசத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறோம். கேட்ட விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லவில்லை. விலை ஏன் வருகிறது, எந்த விலை நியாயம், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சேர்ந்து யோசிப்போம்.

முதலில் ஒரு பழைய கதை. பழையது என்றால் 2019 டிசம்பர். இந்தத் துறையில் அது சங்க காலம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் வால்டன் என்ற இளைஞர் ஏஐ டஞ்சன் என்ற விளையாட்டின் புதிய வடிவத்தை வெளியிட்டார். நீங்கள் ஒரு வரி எழுதினால் அது கதையின் அடுத்த பகுதியை எழுதும். உங்கள் வீரன் குகைக்குள் நுழையலாம், பூதத்தோடு பேரம் பேசலாம், எதுவும் நடக்கலாம். ஓப்பன்ஏஐ வெளியிட்டிருந்த ஜிபிடி-2 மொழி மாதிரியை வைத்துச் செய்தது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஆட வருகிற ஒவ்வொருவருக்காகவும் பல ஜிகாபைட் எடையுள்ள கோப்பு ஒன்று கிளவுட் கிடங்கிலிருந்து இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்துக்கான கட்டணம் ஒரு நாளைக்கு 10,000 டாலரைத் தாண்டியது. செலவை ஏற்றிருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தால் மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை, கிடங்கை மூடினார்கள். பிறகு ஆடுகிறவர்களே டொரண்ட் முறையில் அந்தக் கோப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு விளையாட்டைக் காப்பாற்றினார்கள்.

அதோடு முடியவில்லை. வால்டன் லாட்டிட்யூட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2020 ஜூலையில், இன்னும் திறமையான ஜிபிடி-3 மாதிரியில் ஓடும் பகுதியைச் சந்தா கட்டுகிறவர்களுக்கென்று வைத்தார்கள். அப்படியும் 2021-இல் மாதிரிக்கும் கிளவுட்டுக்குமாக மாதம் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். மலிவான வேறு மாதிரிக்கு மாறித்தான் அதைப் பாதிக்கும் கீழே இறக்க முடிந்தது. இத்தனைக்கும் அது பெரும்பாலும் எழுத்து மட்டும் தரும் கருவி. படமும் வீடியோவும் இதைவிடப் பசிமிக்கவை.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் சட்டென்று உறைப்பதில்லை? தமிழர்களுக்கு இணையத்தில் வாய்த்த நல்ல இலவசங்கள் வேறு வகையானவை என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். இ-கலப்பை வந்தது, அதைக் கொண்டுதான் எங்களில் பலர் கணினியில் முதல் தமிழ் எழுத்தை அடித்தோம். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இவற்றில் உழைப்பு பெரிது, ஆனால் செய்தது செய்ததுதான். மதுரைத் திட்டத்தின் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றைப் பத்துப் பேர் இறக்கினாலும் பத்தாயிரம் பேர் இறக்கினாலும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் இணையத்தில் நல்ல மனம் இருந்தால் இலவசம் சாத்தியம் என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிவிட்டது. அது தவறான நம்பிக்கையும் இல்லை.

ஏஐ கருவி அப்படி ஓடுவதில்லை. அது கல்யாணப் பந்தி மாதிரி, இலை போட்ட ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சோறு வடித்தாக வேண்டும். படம் வரையும் மாதிரிகளில் பெரும்பாலானவை வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக அதைத் துடைத்துத் துடைத்து உருவத்தை வெளியே எடுக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஜிபியூ என்ற விலையுயர்ந்த சில்லு முழு மூச்சில் உழைக்கிறது. நீங்கள் ஒரு படம் கேட்கிறீர்கள், நாலு வருகிறது. ஒன்றில் பாட்டிக்கு ஆறு விரல், இன்னொன்றில் கோலத்தின் புள்ளி வரிசை கோணல். நாலையும் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறீர்கள். தள்ளிய நாலுக்கும் மின்சாரம் எரிந்தாயிற்று. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாக ஊரே ஜிப்லி கார்ட்டூன் பாணியில் தன் குடும்பப் படத்தை மாற்றிக்கொண்டபோது, தங்கள் ஜிபியூக்கள் உருகுகின்றன என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் எழுதியதும், படம் செய்வதற்கு வரம்பு வைத்ததும் நினைவிருக்கும். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் அதன் பில் வேடிக்கையானதில்லை.

"திறந்த மாதிரிகள் இருக்கின்றனவே, அவை இலவசம்தானே?" என்று விவரம் தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மாதிரி 2022 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, நல்ல காரியம். ஆனால் மாதிரிதான் இலவசம், அதை ஓட்டும் இயந்திரம் இல்லை. ஏராளமானவர்கள் அதைக் கூகுளின் கிளவுட் கணினிச் சேவையான கோலாபின் இலவசக் கணக்குகளில் ஓட்டினார்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் 2023-இல் கூகுள் இலவசக் கணக்குகளில் அதன் வலை முகப்புக்குத் தடை போட்டது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வீட்டில் இருந்தால் நீங்களே ஓட்டிக்கொள்ளலாம். எத்தனை வீட்டில் இருக்கிறது?

தமிழுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மொழி மாதிரிகள் நாம் எழுதுவதை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன, கட்டணமும் பல இடங்களில் டோக்கன் கணக்கில்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ ஒரே அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் நறுக்கிக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. அதாவது அதே செய்தியைச் சொல்லத் தமிழர் நான்கு மடங்குக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒன்றரை மடங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆகவே கருவி செய்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: உங்கள் கட்டணம் டோக்கனுக்கா, படத்துக்கா, பக்கத்துக்கா? டோக்கன் கணக்கென்றால் தமிழில் எழுதியதற்காக அபராதம் கட்டுகிறோம் என்று பொருள். படத்துக்கு இத்தனை, பக்கத்துக்கு இத்தனை என்று விலை வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாதச் சந்தா. நம் வேலை மாதாமாதம் வருவதில்லை. பள்ளி ஆண்டுவிழா தை, மாசியில். புத்தகக் காட்சிக்கு மார்கழியில் அட்டைகள். தீபாவளி மலருக்கு ஆவணி, புரட்டாசியில் ஓட்டம். மற்ற மாதங்களில் கருவியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். அப்படிப்பட்டவரிடம் மிட்ஜர்னி படக் கருவி போல மாதம் 10 டாலரிலிருந்து தொடங்கும் சந்தாவைக் கொடுத்தால் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார். இதற்கு மாற்றுவழி புதிதும் அல்ல. ஓப்பன்ஏஐயின் டால்-ஈ 2 படக் கருவி 2022 ஜூலையில் கட்டணத்துக்கு மாறியபோது மாதம் 15 கிரெடிட் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் 115 கிரெடிட் 15 டாலர் என்று வைத்திருந்தார்கள். தொகை நமக்கு அதிகம். முறை நல்ல முறை. சின்ன ரூபாய்ப் பொட்டலமாக, யுபிஐயில் வாங்கக்கூடியதாக, ஓராண்டாவது செல்லக்கூடியதாக அதையே கேட்போம்.

கேட்கிற உரிமை வேண்டுமென்றால் நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். மிட்ஜர்னி 2023 மார்ச்சில் இலவசச் சோதனையை நிறுத்தியதற்கு அதன் நிறுவனர் டேவிட் ஹோல்ஸ் சொன்ன காரணம், ஆட்கள் போலிக் கணக்கு மேல் கணக்காகத் திறந்து இலவசப் படம் எடுத்தார்கள் என்பதுதான். எட்டு மின்னஞ்சல் முகவரி திறப்பதை நம்மூரில் ஒரு சாமர்த்தியமாகவே யூடியூபில் கற்றுக்கொடுக்கிறார்கள். சம்பளம் வாங்குகிற, அந்தக் கருவியால் கொஞ்சமேனும் வருமானம் பார்க்கிற ஒருவர் அதைச் செய்யும்போது, உண்மையிலேயே வழியில்லாத கல்லூரி மாணவியின் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள்.

"பெரிய நிறுவனங்கள் சும்மாவே தருகின்றனவே" என்ற பேச்சுக்கு வருவோம். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஓராண்டு இலவசமாக அறிவித்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுள் ஜெமினி ப்ரோவை 18 மாதத்துக்கு என்றது. நவம்பர் 4 முதல், மாதம் 399 ரூபாய் என்று விலை வைத்திருந்த சாட்ஜிபிடி கோ இந்தியாவில் ஓராண்டு இலவசமானது. வாங்கியதில் தவறில்லை; நாங்களும் வாங்கினோம். ஆனால் இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ சிம் வாங்க வரிசையில் நின்றோம். 2017 வசந்தத்தில் விலை வந்தது. 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல்லின் சிக்னல் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மறுபடி வரிசையில் நின்றோம். ஏர்செல் விழுந்ததற்குக் கடன், முறிந்துபோன இணைப்பு முயற்சி என்று வேறு காரணங்களும் உண்டு. விலைப்போரும் அவற்றில் ஒன்று. ஆழமான பை உள்ளவர் இலவசம் கொடுக்கும்போது முதலில் சாகிறது போட்டிக் கடை. ஏஐ விஷயத்தில் அந்தப் போட்டிக் கடை, தமிழ் எழுத்துருவைப் படத்தில் பிழையில்லாமல் பொறிக்க மெனக்கெடுகிற, தமிழ்க் குரலில் கதை வாசிக்கப் பழக்குகிற நாலைந்து இளைஞர்களின் சிறு நிறுவனமாக இருக்கும். அவர்கள் 99 ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறோம், உலகப் பெரு நிறுவனம் சும்மா தந்தால் நன்றி சொல்கிறோம். இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

சலுகையில் சேர்ந்தவர்கள் தேதியைக் குறித்துவையுங்கள். 2025 நவம்பர் 4-இல் சாட்ஜிபிடி கோவில் சேர்ந்தவருக்கு ஓராண்டு நிறைவது 2026 நவம்பரில். ஆட்டோபே கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். செய்த படங்களையும் எழுத்துகளையும் உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்தபின் அவை கையில் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் நண்பர்களான ஓவியர்கள் சிலர் இந்த வேண்டுகோளில் கையெழுத்திட மறுத்தார்கள். "எங்கள் படங்களை எல்லாம் கேட்காமல் எடுத்துப் பழகிய இயந்திரத்துக்கு நீங்கள் காசும் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, முழுமையான பதில் எங்களிடம் இல்லை. அடோபி தன் ஃபயர்ஃப்ளை கருவியைப் பழக்கப் பயன்பட்ட படத் தொகுப்புக்குப் படம் தந்தவர்களுக்கு 2023-இல் ஊக்கத்தொகை கொடுத்தது. தொகை போதுமா என்பது வேறு விவாதம், ஆனால் காசு வாங்குகிற கருவியிடம்தான் "இதில் ஓவியருக்கு எவ்வளவு?" என்று கேட்க முடியும். இலவசமாகத் தருகிறவரிடம் கேட்டால், எங்களுக்கே வருமானம் இல்லையே என்று கையை விரித்துவிடுவார்.

கடைசியாக, காசே இல்லாதவர்கள். அவர்களை நிறுவனங்களின் இரக்கத்துக்கு விடுவதைவிட நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம், இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. புத்தகமும் நாளிதழும் வாங்குகிற அந்தப் பணத்தில், ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு நல்ல ஏஐ கருவிக்கு, முடிந்தால் தமிழுக்கென்று உழைக்கிற சிறு நிறுவனத்தின் கருவிக்கு, பொதுச் சந்தா வாங்கலாம். மாணவர் உறுப்பினர் அட்டையைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்துவிட்டுப் போகட்டும். உங்கள் மாவட்ட நூலக அலுவலருக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தக் கருவி, எத்தனை பேருக்கு, ஆண்டுக்கு என்ன செலவு என்று அதில் எழுதினால் நல்லது; வெறும் கோரிக்கையைவிடக் கணக்கோடு வருகிற கடிதத்துக்குத்தான் கோப்பு திறப்பார்கள்.

இப்படிக்கு,
தமிழில் எழுதியும் வரைந்தும் கற்பித்தும் வரும் நண்பர்கள்